மரத்துக்கு ஆட்சேபணை சொல்லலாம், மாடிக்கு முடியாது

ஆலந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குப் புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கு புனே நகருக்குள் வரும் வழியில் விஷ்ராந்த்வாடி இருக்கிறது. வார்கரி பக்தர்கள் அலையலையாக நடந்துபோகும் அந்த நாளில் ஆலந்தி சாலையில் வண்டிக்கு இடமிருக்காது. மற்ற நாட்களில் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பார்கள் இங்கே குடியிருப்பவர்கள். சங்கம்வாடியிலிருந்து விஷ்ராந்த்வாடி வரை பேருந்துக்கென்று தனித் தடம் போட்டு 2015 ஆகஸ்டில் திறந்தார்கள். அதன் பிறகும் காலை ஒன்பது மணிக்கு இந்தச் சாலையில் மாட்டிக்கொண்டவர்கள் கைபேசியை எடுத்து அலுவலகத்துக்கு மன்னிப்புச் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கராடியிலும் கல்யாணி நகரிலும் ஐ.டி. வேலைக்கு வரும் நம் ஊர்க்காரர்கள் வாடகை கட்டுப்படியாகிற இடம் தேடி விஷ்ராந்த்வாடி, தானோரி, கலஸ் பக்கம் வருகிறார்கள். சில ஆண்டுகளில் வாடகைக்குப் பதில் இ.எம்.ஐ. கட்டத் தொடங்குகிறார்கள். தானோரியிலிருந்து லோஹெகாவ் பக்கம் போகும் போர்வால் ரோட்டின் நெரிசல் நகரம் முழுக்கப் பிரசித்தம். அதன் இருபுறமும் எழுந்த சொசைட்டிகள் பெரும்பாலும் திருட்டுக் கட்டடங்கள் அல்ல. முத்திரை குத்திய வரைபடமும் தடையில்லாச் சான்றுகளும் கோப்பில் வைத்திருப்பவை. ஒவ்வொன்றாகப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் சாலை தாங்கவில்லை, குழாயில் தண்ணீர் போதவில்லை. அப்படியானால் சேர்த்துப் பார்ப்பது யார் வேலை?

விஷ்ராந்த்வாடியில் ஐந்து ஏக்கர் நிலம், சுமார் 20,000 சதுர மீட்டர், முப்பது மீட்டர் அகலச் சாலையை ஒட்டி ஒரு பில்டரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகாராஷ்டிர அரசு 2020 டிசம்பரில் கொண்டுவந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி புனேயில் அடிப்படை எஃப்.எஸ்.ஐ., அதாவது நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற விகிதம், 1.1. பிரீமியம் கட்டினால் கூடுதலாக 0.5. வேறிடத்தில் சாலைக்கோ பூங்காவுக்கோ நிலம் விட்டவர்களிடமிருந்து டி.டி.ஆர். உரிமை வாங்கினால் இன்னும் 1.4. ஆக மொத்தம் 3. இதோடு நிற்பதில்லை. மாடிப்படி, லிஃப்ட், பால்கனி போன்றவற்றுக்காக இதன்மேல் 60 சதவீதம் துணைப் பரப்பு என்று தருகிறார்கள். நிலத்தில் சாலைக்கும் திறந்தவெளிக்கும் போவதைக் கழிக்காமல் தோராயமாகக் கணக்குப் போட்டால் 96,000 சதுர மீட்டர் கட்டலாம். தாராளமாக ஆயிரம் ஃப்ளாட் வரும்.

மனு ஆர்க்கிடெக்ட் வழியாக ஆன்லைனில் மாநகராட்சியின் கட்டட அனுமதித் துறைக்குப் போகிறது. அவர்கள் பார்ப்பது எஃப்.எஸ்.ஐ., பக்க இடைவெளி, வண்டி நிறுத்துமிடம், பத்து சதவீதத் திறந்தவெளி, 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் விட வேண்டிய ஐந்து சதவீதப் பொது வசதி நிலம். தீயணைப்புத் துறை ஏணி வண்டி திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்கிறது. தோட்டத் துறை மரங்களை எண்ணுகிறது. இந்தப் பகுதிக்கே உரிய இன்னொரு மேசையும் உண்டு. லோஹெகாவ் விமான நிலையம் அடிப்படையில் விமானப்படையின் தளம். பயணிகள் விமானம் அங்கே ஒண்டுக்குடித்தனம்தான். ஆகவே எத்தனை மாடி என்பதில் படைத்துறையின் வார்த்தைதான் கடைசி வார்த்தை. சுகோய் போர் விமானம் பறக்கும் பாதையில் ஒரு மீட்டர்கூட விட்டுக்கொடுக்க மாட்டார்கள். விஷ்ராந்த்வாடியில் ஒரு துறை உண்மையிலேயே 'கூடாது' என்று சொல்லும் இடம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணி ஐந்தாறு மேசை, எல்லாவற்றிலும் முத்திரை. ஆனால் ஆயிரம் குடும்பம் வந்தால் ஆலந்தி சாலைக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு மேசையே கிடையாது.

தண்ணீர்க் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் நகரங்களுக்கு வைத்திருக்கும் அளவு. ஆயிரம் வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 6,75,000 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கரில் கொண்டுவந்தால் தினமும் 67 வண்டிக்கு மேல். அதில் எண்பது சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வெளியே வரும்.

கிழக்குப் புனேக்குத் தண்ணீர் தரவென்று கேட் தாலுகாவின் பாமா ஆஸ்கேட் அணையிலிருந்து குழாய் பதித்தார்கள். ஆண்டுக்கு 2.64 டி.எம்.சி., நாளுக்கு ஏறத்தாழ 20 கோடி லிட்டர். அணைக்கு நிலம் கொடுத்த விவசாயிகள் தங்களுக்குச் சேர வேண்டியது சேராமல் குழாய் பதிக்க விடமாட்டோம் என்று மறித்ததில் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒருவழியாக 2021 ஜனவரி 1 அன்று அப்போதைய துணை முதல்வர் அஜித் பவாரும் எதிர்க்கட்சித் தலைவர் தேவேந்திர ஃபட்னவிஸும் ஒரே மேடையில் நின்று திறந்துவைத்தார்கள். இந்தத் தண்ணீர் விஷ்ராந்த்வாடி, கலஸ், தானோரி, எரவாடா, வட்காவ் ஷேரி, கராடி, லோஹெகாவ் எல்லாவற்றுக்கும் சேர்த்து. நம் கற்பனைத் திட்டத்தைப் போல முந்நூறு வந்தால் மொத்தமும் தீர்ந்தது, ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கு ஒரு சொட்டும் இல்லாமல். முந்நூறு வராது என்று வாதிடலாம். எத்தனை வரை வரலாம் என்று அனுமதி தரும்போது கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஏற்பாடு எங்கே?

அதற்குப் பதிலாகப் புனேயில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மாநகராட்சித் தண்ணீர் வந்து சேரும் வரை நானே தண்ணீர் தருகிறேன் என்று பில்டர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். கட்டடம் முடிந்து சொசைட்டி பதிவாகி பில்டர் அடுத்த சைட்டுக்குப் போன பிறகு டேங்கர் செலவு மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். உறுதிமொழி மாநகராட்சிக்கு, பில் குடியிருப்பவருக்கு. நகரின் மேற்கே பாணேர், பாலேவாடியில் இந்தக் கதை முற்றி உயர் நீதிமன்றம் வரை போனது. தண்ணீர் இல்லாத இடத்தில் புதுக் கட்டடம் எதற்கு என்று கேட்டு 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அங்கே கொஞ்ச காலம் கட்டுமானத்துக்குத் தடையே போட்டது. மேசைகள் செய்யாத கூட்டலை நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்தது.

இவ்வளவு பெரிய திட்டத்தைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுமானப் பரப்பு போனால் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது 2006 செப்டம்பர் 14ஆம் தேதிய மத்திய அரசு அறிவிக்கை. அதே அறிவிக்கைதான் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்கிறது. நம் ஊரில் அந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று தெரியும். போலீஸ் காவலும் கூச்சலுமாக இருந்தாலும் மைக் கையில் கிடைக்கும். கட்டடங்களுக்கும் டவுன்ஷிப்புகளுக்கும் அந்தக் கூட்டமே தேவையில்லை என்று அறிவிக்கையே விலக்கு அளித்திருக்கிறது. அனுமதி கிடைத்த பிறகு அதை உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். பிடிக்காதவர் முப்பது நாளுக்குள் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தாலி கட்டிய பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கதை.

வேடிக்கை என்னவென்றால், அதே நிலத்தில் நிற்கும் வேப்பமரத்துக்கு இதைவிட மரியாதை இருக்கிறது. மகாராஷ்டிராவின் 1975ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மரத்தை வெட்ட மனு வந்தால் மரத்தின் மேலேயே அறிவிப்பு ஒட்ட வேண்டும், நாளிதழில் போட வேண்டும், ஏழு நாள் ஆட்சேபணைக்கு விட வேண்டும். மரத்தை வெட்டுவதற்கு நீங்கள் ஆட்சேபணை எழுதலாம். அதே இடத்தில் வரப்போகும் பன்னிரண்டாவது மாடிக்கு எழுத முடியாது. மாநகராட்சிக்கும் காலக்கெடு நெருக்கும்: மாநில நகரமைப்புச் சட்டத்தின்படி அறுபது நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் விதிகளுக்கு உட்பட்ட மனு அனுமதிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

கருத்துச் சொல்ல ஒரே ஒரு கதவு இருக்கிறது. அது இருபது ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும். நகர வளர்ச்சித் திட்டம், புனே வாய்மொழியில் 'டி.பி.', தயாராகும்போது மக்கள் ஆட்சேபணை எழுதலாம். 2007 முதல் 2027 வரைக்கான பழைய புனேயின் டி.பி. வரைவு 2013இல் வெளிவந்தது. காலகட்டத்தின் ஆறு ஆண்டு அதற்குள் ஓடிப்போயிருந்தது என்பதைக் கவனியுங்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் குவிந்தன. விசாரணை நடந்தது, குழு அமைந்தது, மாநகராட்சி மன்றத்தில் கூச்சல் குழப்பம். 2015 மார்ச்சில் மாநில அரசு டி.பி.யை மாநகராட்சியிடமிருந்து பிடுங்கி, அப்போதைய புனே கோட்ட ஆணையர் சொக்கலிங்கம் தலைமையில் மூவர் குழுவிடம் கொடுத்தது. 2017 ஜனவரியில் அரசு ஒப்புதல் தந்தது. அதன் ஆயுள் அப்போதே பாதி முடிந்திருந்தது. எண்பதாயிரம் பேர் எழுதியதில் எத்தனை பேருக்கு எழுதிய வீட்டிலேயே பதில் கிடைத்திருக்கும், எத்தனை பேர் அதற்குள் வீடு மாறியிருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அனுமதி கொடுத்த பிறகாவது யாராவது எட்டிப் பார்க்கிறார்களா? அதற்குச் சிங்ககட் சாலைக்குப் போக வேண்டும். வட்காவ் புத்ருக்கில் கோயல் கங்கா நிறுவனம் கட்டிய குடியிருப்புக்கு 2008 ஏப்ரலில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 57,658 சதுர மீட்டர், பன்னிரண்டு கட்டடம், 552 ஃப்ளாட், 50 கடை, 34 அலுவலகம். எழுந்ததோ 807 ஃப்ளாட், 117 கடைகளும் அலுவலகங்களும். பரப்பு ஒரு லட்சம் சதுர மீட்டரைத் தாண்டியது. 255 ஃப்ளாட் என்ன சட்டைப் பையில் மறைத்து வைக்கிற சமாச்சாரமா? மாநகராட்சி திருத்திய வரைபடங்களுக்கு ஒப்புதல் தந்துகொண்டே வந்தது. சுற்றுச்சூழல் அனுமதியில் இருக்கும் எண்ணும் தன் கையிலுள்ள வரைபடத்தின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பது தன் வேலை என்று அது நினைத்ததாகத் தெரியவில்லை.

பில்டர் தரப்பு வாதம் சுவையானது. அனுமதியில் சொன்ன பரப்பு எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வரும் பரப்பு மட்டுமே. பார்க்கிங், மாடிப்படி, மொட்டைமாடி அதில் சேராது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் உயர் அதிகாரியே இதற்கு ஆதரவாகப் பேசினார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் எஃப்.எஸ்.ஐ. தெரியாது, கட்டிய பரப்பு கட்டிய பரப்புதான் என்கிற தொனியில் 2018 ஆகஸ்ட் 10 அன்று தீர்ப்பளித்தது. பில்டர் கட்ட வேண்டியது 100 கோடி ரூபாய் அல்லது திட்டச் செலவில் பத்து சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. அதற்கு மேல் ஐந்து கோடி. மீதமிருந்த இரண்டு கட்டடங்களைக் கட்டக் கூடாது. எழுந்துவிட்டதை இடிக்கச் சொல்லவில்லை, ஏனென்றால் உள்ளே குடும்பங்கள் இருந்தன. முன்னதாகப் பசுமைத் தீர்ப்பாயம் புனே மாநகராட்சிக்கும் ஐந்து லட்சம் அபராதம் போட்டிருந்தது. பில்டருக்கு நூறு கோடி, மேற்பார்த்திருக்க வேண்டியவர்களுக்கு ஐந்து லட்சம். இந்த விகிதம் எனக்கு ஒப்பவில்லை. பில்டர் லாபத்துக்காக மீறினார், அது அவர் தொழிலின் இயல்பு. மாநகராட்சி எதற்காகக் கண்ணை மூடிக்கொண்டது?

இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் தில்லியில் வேறொரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. பெரிய கட்டடங்களின் சுற்றுச்சூழல் பரிசீலனையை மாநில ஆணையத்திடமிருந்து எடுத்து உள்ளாட்சி அமைப்பிடமே கொடுத்துவிடலாம், கட்டட அனுமதியோடு சேர்த்து அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று 2016 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2017 டிசம்பரில் அதன் முக்கியப் பகுதிகளைத் தள்ளுபடி செய்தது. 2018 நவம்பரில் வேறு வடிவில் மறுபடி முயன்றார்கள். தில்லி உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உள்ளாட்சிக்கு அதிகாரம் கொடுப்பது நல்லதுதானே, ஜனநாயகந்தானே என்று தோன்றும். ஆனால் கட்டட அனுமதிக் கட்டணமும் பிரீமியமும் மாநகராட்சியின் பெரிய வருமானங்களில் சேர்ந்தவை. எவ்வளவு கட்டுகிறார்களோ அவ்வளவு வரவு. வேண்டாம் என்று சொல்வதால் நஷ்டப்படுகிறவரையே நீதிபதியாக உட்கார வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, உள்ளாட்சியில் மக்கள் பிரதிநிதி இருப்பாரே, நகர்சேவக்கிடம் முறையிடலாமே? புனே மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. இடஒதுக்கீடு வழக்கு, வார்டு மறுவரையறை என்று தேர்தல் தள்ளித் தள்ளிப் போனதில் அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் ஆணையரே நிர்வாகி, அவரே மன்றம், அவரே நிலைக்குழு. 2021இல் 23 கிராமங்களைச் சேர்த்து 516 சதுர கிலோமீட்டருக்கு விரிந்த மாநகரம், பரப்பில் மும்பையைவிடப் பெரியது, வார்டுக்கு ஒரு பிரதிநிதிகூட இல்லாமல் நடந்தது. கட்டுமானம் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

இங்கிலாந்தில் இது வேறு மாதிரி. ஒரு குடியிருப்புத் திட்டத்துக்கு மனு வந்தால் கவுன்சில் அறிவிப்பு ஒட்டும், அக்கம்பக்கத்தார் மூன்று வாரத்துக்குள் எழுதலாம், பெரிய திட்டமானால் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் குழு பொதுமக்கள் முன்னிலையில் கைதூக்கி முடிவெடுக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. அங்கே என்ன ஆகிறது என்றும் சொல்லிவிட வேண்டும்: வீடு வைத்திருப்பவர்கள் வீடில்லாதவர்களுக்கு எதிராக வரிசையாக எழுதுகிறார்கள், பிறகு நாட்டில் வீட்டுப் பஞ்சம் என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. அதை அப்படியே விஷ்ராந்த்வாடியில் இறக்கினால் முதல் ஆட்சேபணை எதற்கு வரும் தெரியுமா? மனை 4,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இருபது சதவீதம் சிறு வீடுகளாகக் கட்டி, குறைந்த வருமானக்காரர்களுக்கு மாநில வீட்டுவசதி அமைப்பான மஹாடாவின் குலுக்கல் வழியாகத் தர வேண்டும் என்று மகாராஷ்டிர விதி ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் வரும். தனி வாசல், தனிச் சுவர் என்று கேட்கும் மனநிலை நம் சொசைட்டிகளில் இல்லையென்று மார்தட்ட யாராலும் முடியாது. ஆகவே எல்லாரும் ஓட்டுப்போட்டு முடிவெடுக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. எண்ணை வெளியே வைத்துப் பேசட்டும் என்கிறேன்: இத்தனை தண்ணீர் இருக்கிறது, இத்தனை வண்டியைச் சாலை தாங்கும், இதுவரை இத்தனை அனுமதி கொடுத்தாகிவிட்டது, மீதி இவ்வளவு.

மக்களோடு உட்கார்ந்து வீட்டைத் திட்டமிடுவது புனே மாநகராட்சிக்குத் தெரியாத வித்தையும் அல்ல. விஷ்ராந்த்வாடிக்குப் பக்கத்திலேயே செய்திருக்கிறார்கள். 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் பணத்தில் எரவாடா குடிசைப் பகுதிகளில் வீடுகளை இருக்குமிடத்திலேயே எடுத்துக் கட்டினார்கள். ஸ்பார்க் தொண்டு நிறுவனமும் மஹிளா மிலன் பெண்கள் குழுக்களும் வீடுவீடாகக் கணக்கெடுத்தன. ஆர்க்கிடெக்ட் பிரசன்னா தேசாய் அந்தந்தச் சந்தின் வளைவுக்கும் அந்தந்தக் குடும்பத்தின் துண்டு நிலத்துக்கும் ஏற்ப வரைந்தார். கெட்டிச் சுவர் வீடுகளைத் தொடாமல் விட்டு, தகரமும் தார்ப்பாயுமாக இருந்தவற்றை மட்டும் எடுத்தார்கள். வீட்டுக்கு 270 சதுர அடி. செலவில் பத்து சதவீதம் குடும்பத்தின் பங்கு. அண்ணன் தம்பி வீடுகளைச் சேர்த்துக் கட்டலாமா, படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, முன்னால் துணி துவைக்க இடம் விடலாமா என்று சந்தில் பாய் விரித்துப் பேசினார்கள். நேரம் பிடித்தது; சிலர் கடைசி வரை சம்மதிக்கவில்லை; அவர்கள் வீடு அப்படியே நின்றது. 270 சதுர அடிக்கு இவ்வளவு பேச்சு நடந்த நகரில் 96,000 சதுர மீட்டருக்கு ஒரு கூட்டம்கூட இல்லை.

சென்னைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதிப்பட வேண்டாம். மக்கள் கருத்துக்கேட்பு விலக்கு நாடு முழுமைக்கும்தான். சென்னையில் பெரிய கட்டடத்துக்குத் திட்ட அனுமதி தரும் சி.எம்.டி.ஏ.வுக்கு யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் முறையாக அனுமதி இருந்தது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய அடுக்குமாடித் திட்டத்துக்குத் தந்த அனுமதி 2025இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனபோதும் கேள்வி அதேதான்: ராம்சார் ஒப்பந்தப்படி காக்க வேண்டிய ஈரநிலத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று அனுமதிக்கு முன் யார் பார்த்தார்கள்?

ஆலந்தி சாலையில் ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி வீட்டின் கிரானைட்டைத் தடவிப் பார்ப்பதோடு இரண்டு வேலை செய்யலாம். மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மஹாரேராவின் தளத்தில் அந்தத் திட்டத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடமும் கட்டட எண்ணிக்கையும் இருக்கும். மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் அதே திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதி இருக்கும். இரண்டிலும் ஃப்ளாட் எண்ணிக்கையையும் மொத்தக் கட்டுமானப் பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து என்ற பத்தியைத் தனியாகப் படியுங்கள். டேங்கர் என்று போட்டிருந்தால் பராமரிப்புக் கட்டணத்தை இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி வாங்கியவர் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1க்கும் டிசம்பர் 1க்கும் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்று அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம், யார் மனுப் போட்டாலும் நகல் தர வேண்டும் என்கிறது சட்டம். விற்பனை அலுவலகத்தில் காபி வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் அந்த அறிக்கையைக் கேளுங்கள்.